எங்கள் அறையில் ‘நிக்கட்டே’ சொல்லக் கூடாது

கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள். புதியவர்களுக்கென்று ஒரு விதிமுறை வைத்திருக்கிறார்கள், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, கதவைச் சாத்திவிட்டுப் போ என்கிற மாதிரி. அதன் நடுவில் ஒரு வரி இருக்கிறதாம்: ‘சர்வர் அறையிலும் போனிலும் நிக்கட்டே என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.’

“சேச்சி, இது தமாஷாணோ? இப்ப கான்ஃபிக் ஃபைலையே யாரும் கையால எழுதறதில்ல. எல்லாம் டூல் பாத்துக்கும். பின்னே எந்தினா இது?” எதற்கு இது என்று கேட்டுச் சிரித்தாள்.

தமாஷாம்! எனக்குச் சுருக்கென்று வந்தது. என் கோபம் ஊரறிந்தது, இப்போது ஓய்வு பெற்ற பிறகும் குறையவில்லை. அந்த வரி அங்கே வருவதற்கு முன் ஒருவனுடைய பிழைப்பு போக இருந்தது என்று சொல்லலாம் என நினைத்தேன். போனில் சொல்லி முடிகிற காரியமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் வலியசாலையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், ஆபீஸில் இரண்டும் போதாதென்று இங்கிலீஷ். டைப் அடிக்கத்தான் முதலில் சேர்ந்தேன். அப்புறம் கேபிள் இழுத்தேன், பேக்கப் எடுத்தேன், கடைசியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அறையில் வந்து உட்கார்ந்தேன். கற்றுக்கொண்ட கதையெல்லாம் யாருக்கு வேண்டும்? திட்டு வாங்கிக் கற்றேன், அவ்வளவுதான்.

எங்கள் அறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சர்வரைப் பார்த்துக்கொண்டது. எந்த சர்வரும் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். யார் உள்ளே வந்தார்கள், என்னத்தைத் திறந்தார்கள், எங்கே தடுமாறியது எல்லாம். அதற்குப் பெயர் லாக். அதை அந்த மெஷினிலேயே வைத்திருந்தால், உள்ளே புகுந்தவன் தன் கால்தடத்தைத் துடைத்துவிட்டுப் போவான். அதனால் எழுத எழுதவே இன்னொரு சர்வருக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி அனுப்பி வைக்கிற சின்ன புரோகிராமுக்கு, எதை அனுப்பு, யாருக்கு அனுப்பு, எப்படி அனுப்பு என்று கான்ஃபிக் ஃபைலில் வரி எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

அந்த வரி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு நட்சத்திரம், ஒரு புள்ளி, மறுபடி நட்சத்திரம், பிறகு ‘அட்’ குறி, பிறகு போய்ச் சேர வேண்டிய சர்வரின் விலாசம். ஆனால் ஒரு ‘அட்’ போட்டால் அது சாதாத் தபால் மாதிரி. போட்டுவிட்டுப் போய்விடும், கிடைத்ததா என்று கேட்காது. இரண்டு ‘அட்’ போட்டால் பதிவுத் தபால். ஆளைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகரும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வரிகூடத் தவறக் கூடாது என்று கேட்டிருந்ததால் நாங்கள் இரண்டு ‘அட்’தான் போடுவோம்.

எங்கள் தலைவி ஷைலஜா மேடம். மலையாளி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் டைப் அடிக்கும்போது பின்னால் வந்து சத்தமில்லாமல் நின்றுகொள்வார். எண்டரைத் தட்டப் போகிற நேரத்தில் “வாயிக்கூ” என்பார். வாசிக்க வேண்டும். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு, ஒவ்வொரு எழுத்தாக. “ஸ்டார், டாட், ஸ்டார், ஸ்பேஸ், அட், அட்…” என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பக்கத்தில் இன்னொருவர் திரையைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று புரோகிராமையே கேட்டு, அதை நிறுத்தித் துவக்கி, ஒரு சோதனை வரி அனுப்ப வேண்டும்.

அந்தச் சோதனை வரியில் ‘டெஸ்ட்’ என்று போட்டால் மேடத்துக்குப் பிடிக்காது. நேற்று போட்டதும் டெஸ்ட், இன்று போட்டதும் டெஸ்ட், வந்தது எது என்று எப்படித் தெரியும் என்பார். அதனால் அன்றைக்கு டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறதோ அதை அடிப்போம். புளிசேரி. எலுமிச்சம் சாதம். அந்தப் பக்கம் இருப்பவர் போனில் அதைத் திருப்பிச் சொன்னால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். எர்ணாகுளத்தில் முகம் பார்க்காத பையன் ஒருவனுக்கு என் வீட்டுச் சமையல் முழுக்கத் தெரியும்.

சங்கரபாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான். கடையநல்லூர் பக்கம். கெட்டிக்காரன், ஆனால் வாயே திறக்க மாட்டான். மலையாளம் சுத்தமாக வராது. தமிழ்ப் படத்துக்குப் போகிற மலையாளிகள் போலத்தான் மேடமும் தமிழைப் புரிந்துகொள்வார். அவன் தமிழில் கேட்பான், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது மாதிரிதான் இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை நிரந்தரம் ஆகுமுன் பார்க்கிற சோதனைக் காலத்தில் இருந்தான் அவன்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரி லாக்கை எல்லாம் எர்ணாகுளத்தில் இருக்கிற புது சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதுவரை எங்கள் கட்டிடத்துக் கீழ்த்தளத்திலேயே ஒரு பழைய சர்வர் வாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் இரண்டுக்கும் அனுப்புவது என்று ஏற்பாடு. ஃபைலில் அடுத்தடுத்து இரண்டு வரி. முதலில் பழையது, அதன் கீழ் புதியது. புதியது ஒழுங்காக வாங்குகிறது என்று உறுதியான பிறகு, முதலில் பழைய வரியை எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பழைய சர்வரை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

அன்று முற்பகல், நான் ஆஸ்பத்திரி சர்வருக்குள் முழு அதிகாரத்தோடு நுழைந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டி கீழ்த்தளத்தில் இருந்தான். மேடம் வேறொரு மாடியில் மீட்டிங்கில். என் மேஜை போன் அடித்தது. ஆஸ்பத்திரி பிளட் பேங்கிலிருந்து பிந்து. அவளுடன் பலமுறை பேசியிருக்கிறேன், எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள். அன்று சிரிப்பில்லை.

“சேச்சி, ஸ்கிரீன் நிக்குது. பட்டனை அமுக்கினா அப்படியே கிடக்கு. தியேட்டர்ல ஒரு பிரசவ கேஸ், பிளீடிங். பாட்டில் கேக்கறாங்க. மேட்ச் ஆச்சுன்னு இதுல வராம என்னால கொடுக்க முடியாது சேச்சி.”

“கையால எழுதிக் கொடுக்க முடியாதா?”

“முடியும். டாக்டர் இங்க வந்து ஒப்பிடணும். டாக்டர் தியேட்டர்ல அல்லே இருக்கார்!”

சர்வரைப் பார்த்தால் மெமரி இருக்கிறது, டிஸ்க் இருக்கிறது, எதற்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலையும் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்து மேஜைக்காரர் உள்ளே நுழைந்து பார்க்க முயன்றார். பாஸ்வேர்டு கொடுத்தார், கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது, உள்ளே விடவில்லை. இன்னொருவர் முயன்றார். அவருக்கும் அதே கதி. அப்போதுதான் உறைத்தது. யாராவது உள்ளே வந்தால் அதையும் லாக்கில் எழுத வேண்டும் இல்லையா? எழுத முடியாமல் நிற்கிறது. அடைப்பு லாக்கில்தான் இருக்கிறது.

பதிவுத் தபால் என்றேனே. தபால்காரர் ஒரு பூட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஆள் வரும்வரை நகர மாட்டேன் என்கிறார். அடுத்த வீட்டுத் தபாலும் அவர் பையில்தான் இருக்கிறது. ஆபீஸில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து, கடைசியில் தபால் போட வந்தவர்களும் வரிசையில் நகர முடியாமல் நிற்கிறார்கள். பிளட் பேங்கின் ஸ்கிரீன் அந்த வரிசையில் நின்ற ஓர் ஆள்.

பூட்டிய வீடு எது? பக்கத்து மேஜைப் போனிலிருந்து கீழ்த்தளத்துக்குப் போன் செய்தேன்.

“பாண்டி, பழைய சர்வர் ஓடறதா?”

“இல்லக்கா, நிறுத்திட்டேன். மேடத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்துனேன்.”

“அட கடவுளே! உடனே ஆன் பண்ணு!”

ஆன் செய்தான். வருஷக்கணக்காக நிறுத்தாமல் ஓடிய மெஷின் அது. எழுந்தவுடன் தன் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் சோதிக்க ஆரம்பித்துவிட்டது. முடியும்வரை ஒன்றும் செய்ய முடியாது. பிந்து போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மிச்சமிருந்தது ஒரே வழி. ஏற்கெனவே உள்ளே இருந்த ஆள் நான் ஒருத்திதான். திரையில் திறந்திருந்த என் ஜன்னல் மூடிக்கொண்டால் மறுபடி யாரும் நுழைய முடியாது. சற்று நேரம் சும்மா விட்டாலே அது தானாக மூடிக்கொள்ளும் ரகம். ஒரு கையால் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தேன். வியர்த்து விசைப்பலகை வழுக்கியது. ஃபைலைத் திறந்தேன். இரண்டு வரி. இரண்டு விலாசத்துக்கும் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். பழைய வரியின் முன்னால் ஒரு குறி போட்டால் அது செத்த வரி. போட்டேன். சேமிக்கப் போகிறேன், பின்னால் ஷைலஜா மேடம் நிற்கிறார். எப்போது ஓடி வந்தாரோ, மூச்சு வாங்குகிறது.

“வாயிக்கூ.”

“இப்பவுமா மேடம்? அங்க ஒருத்தி செத்துண்டிருக்கா!” என்று கத்திவிட்டேன்.

“இப்போழல்லே கோமதீ வாயிக்கேண்டது.” இப்போதுதானே வாசிக்க வேண்டும் என்கிறார். அதே மெல்லிய குரல்.

வாசித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டார், டாட், ஸ்டார், அட், அட் என்று ஒவ்வொன்றாக. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. சேமித்தேன், அனுப்பும் புரோகிராமை நிறுத்தித் துவக்கினேன். ஒரு சோதனை வரி அனுப்ப வேண்டும். டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று சத்தியமாக ஞாபகம் வரவில்லை. மனசில் இருந்தது ரத்தம்தான், இங்கிலீஷ் எழுத்தில் ‘ratham’ என்று அடித்தேன்.

எர்ணாகுளத்துப் பையன் போனில் கேட்டான். “சேச்சி, ரதம் வந்நு. ரதமோ?”

ரதமாவது தேராவது! எனக்கு அழுகை வந்துவிட்டது. அதே நேரம் இன்னொரு காதில் பிந்து, “வந்நு சேச்சி, ஸ்கிரீன்ல பச்சை வந்நு, மேட்ச் ஆச்சு” என்று கத்தினாள். போனை வைக்காமலே ஓடிப்போனாள். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள், குழந்தையும் சுகம். சாயங்காலம் பிந்துவே கூப்பிட்டுச் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து மாத்யூ சார் வந்தார். கோபப்பட அவருக்கு முழு உரிமை இருந்தது. “எனிக்கு ஒரு பேர் வேணும். நிறுத்தியவன் பேர். அவன் இனி எங்கள் சர்வரைத் தொடக் கூடாது, உங்கள் கம்பெனியிலும் இருக்கக் கூடாது” என்றார்.

விசாரணைக்கு உட்கார்ந்த அறையில் ஏசி வேலை செய்யவில்லை. பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது பிளேன் மாதிரி இரைந்தது. மேஜையின் கடைசியில், ஃபேனை ஒட்டினாற்போல் பாண்டி.

“மேடத்துக்கிட்ட போன்ல கேட்டேன். மேடம் சொன்னாவ, நிறுத்துனேன்” என்றான்.

மேடம் அவனைப் பார்க்கவில்லை. “ஞான் நிறுத்தச் சொல்லியில்ல” என்றார். “வரி எடுக்கும் முன்னால் நிறுத்தச் சொல்ல நான் என்ன பைத்தியமா?”

“சொன்னீங்க மேடம்.”

“சொல்லியில்ல.”

இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். மேடம் பொய் சொல்ல மாட்டார், அதைவிட உயிரை விடுவார். பாண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரண்டில் ஒன்று பொய் என்றால் எது? மெஷின்கள் முணுமுணுத்ததையெல்லாம் ஊர் தாண்டி அனுப்பிப் பத்திரமாக வைக்கிறோம். இரண்டு மனுஷர் போனில் பேசிய ஒரு வாக்கியத்துக்குச் சாட்சியில்லை. சாட்சி இல்லாத இடத்தில் யார் சொல் எடுபடும்? சோதனைக் காலத்தில் இருக்கிற வெளியூர்ப் பையன் சொல்லா? மாத்யூ சார் பேனாவைத் திறந்துவிட்டார். இப்படி ஒரு காரணத்தோடு வெளியே அனுப்பப்பட்டால் அந்த ஐடி பார்க்கில் வேறு யாரும் அவனைச் சேர்க்க மாட்டார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பாண்டி என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. “அக்கா, நீங்களும் நான் பொய் சொல்லுதேன்னா நெனைக்கிய?” என்று மெல்லக் கேட்டான்.

அப்போது ஆபீஸ் உதவியாளர் சுரேஷ் டீ கொண்டுவந்தார். ஃபேன் காற்றில் மாத்யூ சாரின் காகிதங்கள் பறந்தன. அவர் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு எரிச்சலாக நிமிர்ந்தார். சுரேஷ் ஃபேன் பொத்தான் மேல் கையை வைத்து, “மேடம், நிர்த்தட்டே?” என்று கேட்டார்.

மேடம் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நிக்கட்டே.”

சுரேஷ் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, டீத் தட்டோடு வெளியே போனார்.

பாண்டி கையை நீட்டி ஃபேனை அணைத்தான்.

இறக்கைகள் மெதுவாகி நின்றன. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதி காதை அடைத்தது. “எந்தாடோ இது? எந்தினா ஓஃப் ஆக்கியது?” என்றார் மாத்யூ சார். பாண்டி மிரண்டு எழுந்து நின்றான்.

“பாண்டி,” என்றேன், “ஃபேனை எதுக்குப்பா நிறுத்தினே?”

“மேடந்தானக்கா நிக்கட்டும்னாவ.”

மலையாளி ‘நிக்கட்டே’ என்றால் அது பாட்டுக்கு இருக்கட்டும், தொடாதே என்று அர்த்தம். ஓடுகிற மெஷினைப் பற்றித் தமிழன் ‘நிக்கட்டும்’ என்றால் அதன் ஓட்டம் நிற்கட்டும் என்று அர்த்தம். சுரேஷுக்கு ஒன்று கேட்டது, பாண்டிக்கு அதற்கு நேர்மாறாகக் கேட்டது, இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த ஒரே சொல். நான் இரண்டையும் தினமும் பேசுகிறவள். காலையில் வீட்டில் ஒன்று, பஸ் ஏறினால் மற்றது. அதனாலேயே எனக்கு அது உறைக்கவில்லை.

மேடம் அவன் பக்கம் திரும்பினார். “சங்கரபாண்டி, அன்னு போனில் நீ எந்தா சோதிச்சது?” அன்று போனில் என்ன கேட்டாய் என்கிறார்.

“பழச நிறுத்தட்டான்னு கேட்டேன் மேடம்.”

“ஞான் எந்து பறஞ்ஞு?”

“நிக்கட்டேன்னீங்க.”

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, அவரே நடந்துபோய், ஃபேனைப் போட்டார். நின்றபடியே மாத்யூ சாரிடம் சொன்னார், முதல் தடவையாகக் கொஞ்சம் உரக்க: “பேர் வேணும்னு சொன்னீங்கல்லே? எழுதிக்கோங்க. ஷைலஜா.”

மாத்யூ சார் எழுதவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “மழ நின்னு எந்நு நம்மளும் பறயுமல்லோ” என்று தனக்குள் சொன்னார். மழை நின்றது என்று நாமும் சொல்கிறோமே என்கிறார். அப்புறம் பேனாவை மூடி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பாண்டி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். மேடம் அவன் முதுகில் கை வைத்து, “ஸாரி கேட்டோ” என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

விதிமுறையில் அந்த வரி அன்று சாயங்காலம் எழுதப்பட்டது. அதோடு இன்னொரு வழக்கமும் வந்தது. போனில் உத்தரவு வாங்குகிறவர், தான் செய்யப்போவதை முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஃபைலை மட்டும் வாசித்துக்கொண்டிருந்த நாங்கள் அதற்குப் பிறகு ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினோம். லாக் வரிகளுக்குத் தனித்தனி வரிசை வைத்து, ஒரு வாசல் பூட்டியிருந்தாலும் மற்றது ஓடும்படி செய்தோம். இதை இப்போது டூல் தானே செய்துவிடும். அந்தப் பெண் சொல்வது சரிதான். ஆனால் டூலிடம் என்ன செய்யச் சொல்வது என்று இன்னும் மனுஷர்கள்தானே பேசிக்கொள்கிறார்கள்?

மேடம் சில வருஷத்தில் ஓய்வு பெற்றார். பாண்டி மலையாளம் கற்றுக்கொண்டான், இங்கேயே வீடு வாங்கினான், அந்த அறைக்குத் தலைவனும் ஆனான். எனக்கும் ஒரு கடைசி நாள் வந்தது. கேக் வெட்டி, சால்வை போட்டு, எல்லாம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வேலையை விட்டுப் போகிறவர்களின் லாகினை அன்றைக்கே நிறுத்த வேண்டும், அது விதி. என் பெயர் திரையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்காக எல்லோரும் வெளியே நின்றபோது உள்ளே இருந்த அதே பெயர். அவன் விரல் எண்டர் மேல் இருந்தது, தட்ட மாட்டேன் என்றது.

“அக்கா,” என்றான், திரையைப் பார்த்துக்கொண்டே, “ஒங்க லாகின நிறுத்தட்டா?”

“நிக்கட்டே” என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. “அந்த வார்த்த சொல்லக் கூடாதுல்லாக்கா… சரி, எந்த பாஷையில சொல்லுதிய?”

மலையாளத்தில் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“தமிழ்லதான்” என்றேன்.

“கோமதி அக்கா லாகின நிறுத்துதேன்” என்று முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, எண்டரைத் தட்டினான்.